பெட்டிக்குள் எதிராளி பேப்பர்

ப்ளூமிங்டன்
9 நவம்பர் 2025

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி. மகள் வீட்டில் இருக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, முழங்கால் அப்படியேதான். சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே.

உன்னைக் கல்லூரிப் பத்திரிகைக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டிருக்கிறார்களாமே, முரளி சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தேன். சாம்பார் கவிதை எழுதி நம் கையெழுத்துப் பத்திரிகையைச் சுவரோடு கிழிக்கவைத்த மகானுபாவன், இனி அடுத்தவன் கவிதையைப் பார்த்து ஒப்புதல் தரப்போகிறான்!

சிரித்து முடித்த பிறகுதான் இந்த ஊரில் போன மாதம் நடந்தது உறைத்தது. இங்கே இந்தியானா பல்கலைக்கழக மாணவர்கள் 1867 முதல் 'இந்தியானா டெய்லி ஸ்டூடண்ட்' என்று ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போர்ச் செய்திகளால் பேர் வாங்கிய எர்னி பைல் இதில் எழுதிப் பழகியவர்தான். பழைய மாணவர்கள் கூடும் விழாவுக்கான இதழில் விழா விவரம் மட்டும் இருக்கட்டும், செய்தியே வேண்டாம் என்றது நிர்வாகம். உன் நாற்காலியில் இருந்தவர் ஜிம் ரோடன்புஷ். அது தணிக்கை, நான் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். அக்டோபர் 14 அன்று வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கையோடு அச்சுப் பதிப்பையும் நிறுத்தினார்கள். நஷ்டமாம், இணையமே போதுமாம். நஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால் செய்தி போட்டால் மட்டும் மை கூடுதலாகச் செலவாகுமா என்ன?

அந்த வெள்ளிக்கிழமை நடக்கப் போனவன் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பேப்பர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது பர்டூ பல்கலைக்கழக மாணவர்களின் 'எக்ஸ்போனென்ட்' பத்திரிகை. பர்டூ என்றால் இவர்களுக்குப் பரம எதிரி, விளையாட்டு மைதானத்தில் கடித்துக் குதறிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் இவர்களுக்காகச் சிறப்பிதழ் அடித்து, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் பத்திரிகையைக் கிழித்த அன்று எதிர்க் கல்லூரிக்காரன் என்ன செய்தான், ஞாபகம் இருக்கிறதா? சரி, விடு.

அவர்களால் அச்சடிக்க முடிந்தது எப்படி என்று மகளைக் கேட்டேன். எக்ஸ்போனென்ட் 1969 முதல் தனி நிறுவனமாம். இந்த வருடம் பர்டூ நிர்வாகமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இனி உங்கள் பேப்பரை நாங்கள் விநியோகிக்க மாட்டோம் என்றிருக்கிறது. அச்சகத்தை மட்டும் அதனால் நிறுத்த முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையும் 1973 முதல் தனி நிறுவனம்தான். அதில் தியோ பேக்கர் என்ற முதலாண்டுப் பையன், பல்கலைக்கழகத் தலைவரின் பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த படங்கள் திருத்தப்பட்டவையா என்று கிளறப் போய், 2023-இல் தலைவர் பதவி விலகும்வரை அது வளர்ந்தது. நிர்வாகத்தின் காசில் ஓடும் பேப்பரில் இது முதல் பக்கத்துக்கு வருமா, நீயே சொல்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் பத்திரிகைக்கு அச்சகக் கூலி யார் தருகிறார்கள்? சந்தாவோ விளம்பரமோ, பிள்ளைகள் கையில் கொஞ்சமாவது சொந்தக் காசு இருக்க வழி பார்.

மாதக் கடைசியில் இங்கே நிர்வாகம் இறங்கிவந்தது, வரும் ஜூன்வரை அச்சடித்துக்கொள்ளலாம் என்று. ரோடன்புஷுக்கு வேலை திரும்பவில்லை, வழக்குப் போட்டிருக்கிறார்.

அவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். உனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம், பெண் கல்யாணம் வேறு. நானாக இருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. அப்போதுதான் குட்டை சார் ஞாபகம் வந்தது. முதல்வர் அறையில் நாம் வெடவெடத்து நின்றபோது, "நான்தான் ஒட்டச் சொன்னேன்" என்றாரே, சாம்பார் கவிதையை அவர் படித்திருக்கக்கூட மாட்டார். அதற்காக அவரிடம் நாம் ஒரு வார்த்தை பேசினோமா? எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த எக்ஸ்போனென்ட்டில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். ஜனவரியில் கொண்டுவருகிறேன். சுவரில் ஒட்டித் தொலைக்காதே.

உன்,
ராகவன்