பாங்கோ என்ற பெயரில் வந்த பிரெட் தூள்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
ஒரு வாடிக்கையாளர்,
அண்ணா நகர், சென்னை.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஜப்பானிய பாங்கோ என்று விற்ற பாக்கெட்டில் சாதாரண பிரெட் தூள் இருந்தது; பணத்தைத் திருப்பித் தரவும் உறையைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பொரிக்கும் பண்டங்களின் மேல் புரட்டுகிற ஜப்பானிய பிரெட் செதில்தான் பாங்கோ. உங்கள் இணையதளத்தில் அது ஒரு கிலோ பாக்கெட் இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பிரித்துச் சமைத்தேன். மற்றொன்று சீல் உடைக்காமல் அப்படியே இருக்கிறது. ஆர்டர் எண், பேட்ச் எண், ரசீது, படங்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே எழுதினேன். வந்த பதில்கள் எதையும் ஏற்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

முதலில், பாக்கெட்டில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். உறையின் முன்பக்கப் படத்தில் வெள்ளை வெளேரென்று, சீவி எடுத்தது மாதிரி நீளநீளமான செதில்கள். பிரித்துத் தட்டில் கொட்டினால் ரவை பதத்தில் ஒரு தூள். நிறம் லேசான ஆரஞ்சு. நடுநடுவே கரும்பழுப்பாக, பல்லில் கடிபடுகிற அளவுக்குக் கெட்டியான துணுக்குகள். ரவை சல்லடையில் போட்டுச் சலித்தேன். அநேகமாக எல்லாமே கீழே இறங்கிவிட்டது. மேலே தங்கியது அந்தக் கெட்டித் துணுக்குகள் மட்டும். அவை பிரெட்டின் மேல்தோல் என்று பார்த்தாலே தெரிகிறது. ஒரு ஸ்பூன் தூளை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அப்புறம்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் சர்க்கரை, பாமாயில், சேர்க்கப்பட்ட நிறம் என்று வரிசையாக இருக்கிறது. முன்பக்கத்தில் ‘முற்றிலும் இயற்கையானது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நிறம் சேர்த்த உணவுக்கு இயற்கையானது என்று போடக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளைப் படித்தாலே தெரியும். உணவுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

பாங்கோ என்பது பிரெட்டைப் பொடித்தால் கிடைக்கிற ஏதோ ஒரு தூள் இல்லை. ஜப்பானில் அதற்கென்றே பிரெட் செய்கிறார்கள். வெள்ளை பாங்கோவுக்கான மாவை அடுப்பில் வைத்துச் சுடுவதில்லை. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மாவின் ஈரமே மின்சாரத்தைக் கடத்துவதால் உள்ளிருந்தே சூடேறி வெந்துவிடும். வெளிச்சூடு படாததால் பழுப்புத் தோலே உருவாகாது. அந்த பிரெட்டை ஆறவிட்டுச் சில மணி நேரம் அப்படியே வைத்து, கொஞ்சம் கெட்டியானதும் பல்சக்கரம் மாதிரியான இயந்திரத்தில் கிழித்தெடுக்கிறார்கள். கிழிப்பதால்தான் நீளமான, உள்ளே காற்றறை உள்ள செதிலாக வருகிறது. அரைத்தால் வராது. அடுப்பில் சுட்ட பிரெட்டில் செய்கிற இன்னொரு வகையும் அங்கே உண்டு. தோலும் சேர்வதால் அது சற்றுப் பழுப்பாக இருக்கும். ஆனால் அதுவும் செதில்தான், தூள் கிடையாது. எந்த வகையானாலும் நாங்கள் காசு கொடுப்பது அந்த வடிவத்துக்கு. மைதா, ஈஸ்ட், உப்பு என்று பார்த்தால் பாங்கோவும் ரஸ்க் தூளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்லெட்டுக்கு ரஸ்க் தூள் போதும் என்றால் தெருமுனை பேக்கரியில் ரஸ்க் வாங்கி மிக்சியில் ஒரு சுற்று சுற்றியிருப்பேன். நம் வீடுகளில் காலகாலமாக அப்படித்தான் செய்கிறோம், அதற்கென்று ஒரு ருசியும் இருக்கிறது. நான் செய்ய நினைத்தது கொரொக்கே என்கிற ஜப்பானிய உருளைக்கிழங்கு கட்லெட். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்த பிறகு சென்னையில் ஜப்பானியக் குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. எங்கள் அடுக்ககத்தில் இருந்த அப்படி ஒரு அம்மாதான் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வதக்கிய வெங்காயமும் கொத்துக்கறியும் சேர்த்து, நன்றாக ஆறிய பிறகு நீள்வட்டமாகப் பிடிக்க வேண்டும். முதலில் மைதாவில் புரட்டி, அடுத்து முட்டையில் தோய்த்து, கடைசியாகத்தான் பாங்கோ. உள்ளே ஏற்கெனவே வெந்திருப்பதால் 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் மேல்பக்கம் மொறுமொறுவென்று ஆனால் போதும். மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவார்கள்.

எண்ணெய் பதம் பார்க்க அவர் சொல்லிக் கொடுத்த வழி, ஒரு சிட்டிகை பாங்கோவைத் தூவிப் பார்ப்பது. அடிக்குப் போய்விட்டு மெதுவாக எழும்பினால் சூடு போதாது. போட்டதுமே மேலாகச் சிதறிப் பரவினால் சரியான சூடு. உங்கள் தூளைத் தூவினேன். நேராக அடிக்குப் போனது; போன இடத்திலேயே கறுத்தது. கொரொக்கேயைப் போட்டபோதும் அதே கதைதான். தூளில் சர்க்கரை இருக்கிறது, ஏற்கெனவே சிவந்த தோலும் இருக்கிறது. இரண்டுமே சட்டென்று நிறம் மாறக்கூடியவை. அரை நிமிடத்துக்குள் மேல்பக்கம் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. கடித்தால் மொறுமொறுப்பே இல்லை. எண்ணெய் குடித்த ஒரு அடை மாதிரி நாக்கில் ஒட்டியது. செதில்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் உள்ளிருக்கும் நீராவி அதன் வழியாக வெளியேறும், எண்ணெயும் வடிந்துவிடும். பொடியாக இருக்கும் தூள் நெருக்கமாக அப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடுகிறது. இரண்டு கொரொக்கே பக்கவாட்டில் வெடித்து உருளைக்கிழங்கு எண்ணெயில் கொட்டிப் போனது. உதிர்ந்த தூள் கருகி, நல்ல எண்ணெய் ஒரு சட்டி முழுக்கக் கசந்துவிட்டது. இன்று எண்ணெய் விற்கிற விலை உங்களுக்கே தெரியும்.

அதே நாளில், அதே மசியலில் மீதியை, ஜப்பானிய மளிகைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்திருந்த வேறொரு பாங்கோவில் புரட்டி, புது எண்ணெயில் பொரித்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இணைப்பில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையின் முதல் பதில்: ‘போக்குவரத்தில் செதில்கள் உடைந்திருக்கலாம்.’ உடையும்தான், மறுக்கவில்லை. ஆனால் உடைந்தால் பொடி அடியில் இறங்கியிருக்கும், மேலே முழுச் செதில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். இந்தப் பாக்கெட்டில் மேலிருந்து அடிவரை ஒரே பதம். தவிர, லாரி குலுங்கியதால் வெள்ளைச் செதிலுக்குக் கரும்பழுப்புத் தோல் முளைக்காது, ஆரஞ்சு நிறமும் ஏறாது.

இரண்டாவது பதில்: ‘இது ஜப்பானிய பாணி மட்டுமே, ஜப்பானிலிருந்து இறக்குமதி ஆனதல்ல.’ இறக்குமதிச் சரக்கு வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. இந்தியாவிலேயே நல்ல பாங்கோ தாராளமாகச் செய்யலாம். செய்தால் நானே முதல் ஆளாக வாங்குவேன். பாணி என்று போட்டால் அந்தப் பாணியில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. உறையில் செதில் படம் போட்டு உள்ளே தூள் வைப்பது எந்தப் பாணி?

மூன்றாவது பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. ‘ஓவனில் ஐந்து நிமிடம் வறுத்துப் பயன்படுத்துங்கள், மொறுமொறுப்பு வரும்’ என்று எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே சிவந்துபோன தூளை மறுபடி வறுத்தால் எண்ணெயில் இன்னும் சீக்கிரம் கருகும். ஒருமுறையாவது அந்தப் பாக்கெட்டைப் பிரித்துச் சமைத்துப் பார்த்தவர் யாரும் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டார்.

உறையின் பின்பக்கச் செய்முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தண்ணீரில் நனைத்து, தூளில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிக்கவும்’, அவ்வளவுதான் இருக்கிறது. தண்ணீரில் மட்டும் நனைத்தால் எந்த பிரெட் தூளும் நிற்காது, பொரிக்கும்போதே உரிந்து வந்துவிடும். முட்டை சேர்க்காதவர்களை மனதில் வைத்து அப்படி எழுதியிருந்தால், மைதாவைத் தண்ணீரில் இட்லி மாவை விடச் சற்று நீர்க்கக் கரைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே. அது முட்டை அளவுக்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைக் கோழிக்கறி, மீன் மாதிரி உள்ளே வேக வேண்டியவற்றுக்கு 170 டிகிரி, ஏற்கெனவே வெந்தவற்றுக்கு 180 டிகிரி என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். புதிதாகச் சமைக்கிற ஒரு கல்லூரிப் பிள்ளை உங்கள் உறையை நம்பி, கொதிக்கும் எண்ணெயில் கோழிக்கறியைப் போட்டு, மேலே கருகி உள்ளே வேகாத துண்டைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? இதை அலட்சியமாக விடாதீர்கள்.

சரி, எனக்கு வேண்டியவை இவை. இரண்டு பாக்கெட்டுகளின் முழுத் தொகையும் டெலிவரிக் கட்டணமும் நான் பணம் கட்டிய வழியிலேயே திரும்ப வர வேண்டும். அடுத்த ஆர்டருக்கான கூப்பன் வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிய கூப்பனையும் நான் பயன்படுத்தவில்லை. உறையிலும் இணையதளத்திலும் உள்ள செதில் படத்தையும் ‘இயற்கையானது’ என்ற வாசகத்தையும் எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை உள்ளபடி பிரெட் தூள் என்று போட்டு, அதற்கேற்ற விலையில் விற்க வேண்டும். அப்படி விற்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இந்தத் தூளுக்கான பிரெட் இதற்கென்றே செய்யப்பட்டதா, விற்காமல் திரும்பி வந்த பிரெட்டா என்பதற்கும் எழுத்துமூலமான பதில் வேண்டும். அந்தக் கெட்டித் தோல் துணுக்குகளைப் பார்த்ததிலிருந்து இந்தச் சந்தேகம் எனக்கு இருக்கிறது. நான் நினைப்பது தவறென்றால் நீங்கள் விளக்கினால் போதும், ஏற்றுக்கொள்கிறேன்.

மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அந்த ஒரு மாதம் காத்திருப்பேன். அதற்குள் தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். உறை விஷயத்தை உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. உங்கள் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. தவறான விவர உறைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் உங்கள் சட்டப் பிரிவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிக்காத பாக்கெட்டை உங்கள் ஆள் வந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பரிசோதிக்கலாம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பிரித்த பாக்கெட்டில் மீதமிருப்பதை மூடி வைத்திருக்கிறேன், அதை மட்டும் கொடுக்க மாட்டேன். முன்பு மாதிரி அச்சடித்த பதிலை அனுப்பாமல், பெயரும் பொறுப்பும் குறிப்பிட்ட ஒருவர் தமிழில் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, இரு பாக்கெட்டுகளின் முன்பக்க, பின்பக்கப் படங்கள், சல்லடைப் படம், இரு தட்டுகளின் படம், வாடிக்கையாளர் சேவையின் பதில்கள்.