பில் போடக் கூச்சப்படுகிற என் மகளுக்கு

காவேரிப்பட்டணம்,
ஆடி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள கண்ணு,

இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்டை எடுத்துவிட்டார்கள். மோட்டார் மெஷின் ஓடாது. ஆடியில் கல்யாண வேலையும் கிடையாது. கொக்கி கட்டவேண்டிய இரண்டு ஜாக்கெட்டை முடித்துவிட்டு, உன் தம்பியின் பழைய ரஃப் நோட்டில் தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய்.

போன வாரம் நீ அனுப்பிய போட்டோவை நம் தெருவில் ஐந்து பேருக்காவது காட்டியிருப்பேன். அந்தப் பலகாரக் கடைச் சுவர் முழுக்க மாமரம், அடியில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற கிழவி. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருக்கிற விதத்தைப் பார்த்ததுமே அது உன் ஆயா என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். பெயின்ட் காசு கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், நிறையப் பேர் பார்ப்பார்கள், அதுவே விளம்பரம்தானே என்றாய். ஆறு நாள், கண்ணு. சாரத்தில் ஏறி நின்று ஆறு நாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்காரர் மேல் கோபம் இல்லை. கேட்காத கூலியை யார் எடுத்து நீட்டுவார்கள்? வேலைக்குப் போ என்று சொல்லவும் நான் எழுதவில்லை. டிராயிங் மாஸ்டர் வேலை வந்தால் நல்லது என்று உன் அப்பா மாதம் ஒருமுறை சொல்வார், சொல்லிக்கொள்ளட்டும். நீயும் உன் தோழிகளும் ஒரு ரூம் எடுத்துச் சுவர் ஓவியம், லோகோ, புத்தகப் படம் என்று தொடங்கியிருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வரைவதை மட்டும் தொழில் என்று நினைக்கிறாய். காசு கேட்பதும் அதே தொழிலில் சேர்ந்ததுதான். அதை உங்கள் காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது நடந்தது இது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து 14 ஜாக்கெட் துணி வந்தது. பெரிய இடம், தெரிந்தவர்கள், அட்வான்ஸ் கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரிக்குப் போய் என் காசிலேயே லைனிங், பைப்பிங் கயிறு எல்லாம் வாங்கிவந்து தைத்து முடித்தேன். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் கல்யாணம் நின்றுபோனது. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போய்த் தையல் கூலி கேட்க முடியுமா? நானும் கேட்கவில்லை, அவர்களும் துணியை வாங்க வரவில்லை. ஒரே பெண்ணின் அளவுக்குத் தைத்த 14 ஜாக்கெட், வேறு யார் உடம்புக்குப் பொருந்தும்? கதவுக்குப் பின்னால் கம்பியில் இரண்டு வருஷம் தொங்கின. அப்புறம் பிரித்து லைனிங்கை எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ பிரஷ் துடைத்துக்கொண்டிருந்தாயே, பச்சைப் பட்டுத் துண்டு, அது அதில் ஒன்றுதான்.

அதற்கப்புறம் பாதிக் கூலி கையில் வராமல் துணியில் கத்தரி வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். முதல் மாதம் நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பொங்கலுக்கு அதில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

நம் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது நீ படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். யார் பிசைந்தது, மீசைக்கு என்ன வைத்தார்கள் என்று கேட்டு நச்சரிப்பாய். அந்தக் கூத்து வாத்தியார் எப்படி வருகிறார்? வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்துத் தேதி குறித்தால்தான் வருவார். அச்சாரம் வாங்கிவிட்டார் என்பதற்காக விடியற்காலையில் அவர் பாடுகிற பாட்டுக்கு யாராவது அழாமல் இருக்கிறார்களா?

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது என்னை ஈஞ்சம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனாய், சோழமண்டலம் ஓவியர் கிராமம் பார்க்க. உங்கள் எழும்பூர்க் கல்லூரி 1850-இல் தொடங்கியது, அங்கே முதல்வராக இருந்த பணிக்கர் என்பவர் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு 1966-இல் இந்த ஊரையே உண்டாக்கினார் என்று சொல்லிக்கொண்டே சிலைகளைக் காட்டினாய். எனக்குச் சிலை அவ்வளவாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று காதில் விழுந்தது: பத்திக் துணியும் கைவேலைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள் என்றாய். அன்றைக்கே நினைத்தேன், இவர்கள் நம் ஆட்கள்தான் என்று. விற்பதைப் பற்றிக் கூச்சம் வந்தால் அதை நினைத்துக்கொள்.

சரி, விலை எப்படிப் போடுவது என்று கேட்பாய். நான் ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு வெட்ட 20 நிமிஷம், தைக்க ஒன்றரை மணி, கொக்கிக்கும் ஹெம்மிங்குக்கும் அரை மணி என்று கணக்கு வைத்திருந்தேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் மாமியார் கதை சொல்லி உட்கார்ந்திருக்கிற அரை மணியைப் பத்து வருஷம் கணக்கிலேயே சேர்க்கவில்லை! உனக்கும் அப்படித்தான். சுவரைப் பார்க்கப் போன பஸ், போனில் பேசிய நேரம், அவர்கள் மாற்றச் சொன்ன ஸ்கெட்ச், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. ஜாக்கெட்டை முதல் தடவை பிடித்துக்கொடுக்க நான் காசு வாங்குவதில்லை, இரண்டாம் தடவை வாங்குவேன். நீயும் இத்தனை தடவைதான் மாற்றித் தருவேன், மேலே போனால் தனிக் கூலி என்று முதலிலேயே எழுதிக்கொடுத்துவிடு. நடுவில் சொன்னால் சண்டை.

நம்மிடம் தைக்கக் கொடுக்கிற வக்கீல் வீட்டம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டுக்காரரே ஒருநாள் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமாம். ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைக்கும் அதன் பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கே போய்விடுமாம். மற்றபடி உன் உரிமையை யாருக்காவது மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். சுவருக்கு வரைந்த ஆயாவைப் பலகார டப்பாவிலும் அச்சடித்துக்கொள்வார்களா? அதற்குத் தனி விலை உண்டா? இதையெல்லாம் வரைவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள். பெரிய பத்திரம் வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப்பில் "ஓகே" மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதே.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை இந்த மாதமே செய்துவிடு. ஆதாரும் பான் கார்டும் வேண்டும், அரசு தளத்தில் காசே கிடையாது. எனக்கு வேலை தெரியாத நாளில் ஒருவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்துகொடுத்தார். இன்னும் வயிறு எரிகிறது. பதிந்துவைத்தால், வேலையை வாங்கிக்கொண்டவர்கள் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுக்க முடியாது, இழுத்தால் வட்டி சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறதாம். சட்டத்தைக் காட்டி மிரட்டச் சொல்லவில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணும் தேதியும் இருந்தாலே ஆட்கள் பேசுகிற விதம் மாறும்.

கடன் பற்றி அப்பா கேட்டுவந்தார். மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் என்று ஒரு திட்டம், டிகிரி முடித்தவர்களுக்கு 25 சதவீதம் மானியம். ஆனால் திட்ட மதிப்பே 10 லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டும். உங்களுக்கு எதற்கு? மேஜையும் லேப்டாப்பும் இருக்கிறது. நான் ஓவர்லாக் மெஷினுக்கு முத்ராவில் 50,000 வாங்கியதுகூட, வேலை கை மீறிப் போய் வெளியே கொடுத்துத் தைக்கும் நிலை வந்த பிறகுதான்.

அப்புறம் ஒரு வேலை. மாங்காய்த் தொக்கு போட்டு விற்கிற நம் கோடி வீட்டுப் பெரியம்மாவுக்கு லேபிள் வேண்டுமாம். அடுத்த மாங்கனிக் கண்காட்சிக்குள் பாட்டிலில் ஒட்டவேண்டும் என்கிறார். நான் விலை எதுவும் சொல்லவில்லை, உன் நம்பரை மட்டும் கொடுத்திருக்கிறேன். பெரியம்மாதானே என்று சும்மா போட்டுக்கொடுத்துவிடாதே. குறைத்துக்கொள், தப்பில்லை. பில்லில் முழுத் தொகையை எழுதி, அடியில் உறவுக்காகக் கழித்தது இவ்வளவு என்று எழுது. உன் வேலையின் விலை அவருக்கும் தெரியும், நீ செய்த உதவியும் தெரியும். நான் உன் அத்தைகளுக்கு இப்படிச் செய்யாமல் விட்டதன் பலன், இன்றுவரை ஓரம் அடிக்கிறதும் ஃபால்ஸ் தைக்கிறதும் எனக்குப் பொழுதுபோக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கவரில் 500 ரூபாய் வைத்திருக்கிறேன். கைச்செலவுக்கு என்று எடுத்துக்கொள்ளாதே, இது அச்சாரம். நம் கடை ஃபிளெக்ஸ் போன காற்றில் கிழிந்துபோய்விட்டது. இந்தத் தடவை பலகையில் கையால் எழுதிய போர்டு வேண்டும். அகலம் 4 அடி, உயரம் 2 அடி. எழுத்து பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். ரோஸ் கலர் வேண்டாம். தையல் கடை என்றால் எல்லாரும் ரோஸ் அடித்துவிடுகிறார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் மாட்டியாகவேண்டும். மொத்தம் எவ்வளவு என்று பில் அனுப்பு. நான் பேரம் பேசுவேன், நீ இறங்காதே.

கரண்ட் வந்துவிட்டது.

அம்மா