ரோல் கேஜுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராலி கார் படம் உங்கள் பத்திரிகையில் வந்தால், அந்த வாரமே என் பட்டறைக்கு இரண்டு பையன்களாவது வந்துவிடுகிறார்கள். "அண்ணா, ரோல் கேஜ் அடிச்சுத் தரணும், பைப் நாங்களே கொண்டு வர்றோம்" என்பார்கள். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் காக்கிற குழாய்க் கூண்டுதான் ரோல் கேஜ். கோத்தகிரி அரவேணுவில் 26 வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அந்தப் பையன்கள் படிக்கிற இடத்திலேயே இதுவும் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு தம்பி பழைய ஜிப்சி ஜீப் கொண்டு வந்தான். கேஜ் ஏற்கெனவே வேறு எங்கோ போட்டது. கறுப்பு பெயிண்ட், பார்க்க அம்சமாக இருந்தது. கதவுப் பக்கம் ஒரு குழாய் கூடுதலாக வேண்டும் என்றான். பெயிண்டைச் சுரண்டினேன், அடியில் ஜிங்க் பூச்சு. வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஜி.ஐ. பைப். வெல்டு வைத்த மூட்டு ஒன்றை அறுத்தெடுத்து வைஸில் பிடித்துச் சுத்தியலால் நாலு அடி அடித்தேன். வெல்டு அப்படியே பெயர்ந்து வந்தது. அந்தத் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கேஜை நம்பி அதுவரை எத்தனை தடவை வேகமாக ஓட்டியிருப்பானோ!

ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர் சொச்சம். கேஜ் குழாயும் ஏறக்குறைய அதே பருமன்தான் என்பதால் ஏமாந்துபோகிறார்கள். ஜி.ஐ. பைப் தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டியது. வெல்டு வைக்கும்போது ஜிங்க் ஆவியாகி உள்ளே பொடிப்பொடியாகத் துளை விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் ஜுரம் வேறு. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதற்குத் தெளிவாக விதி வைத்திருக்கிறது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவு ஒட்டில்லாத ஒரே குழாயாக இருக்க வேண்டும். 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ.க்கு 2 மி.மீ. இரண்டாவது மீட்டருக்குக் கால் கிலோ எடை குறைவு. மற்ற முக்கியக் குழாய்கள் 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. கடையில் 'சி.டி.எஸ். சீம்லெஸ்' என்று கேளுங்கள், அதாவது சூடாக்காமல் இழுத்துச் செய்த ஒட்டில்லாத குழாய். இழுவிசை வலிமை 350 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. நம் நாட்டுப் போட்டிக்கு அந்த வருட விதிப்புத்தகத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"ஃபேக்டரி ஹீட்டர்ல கழட்டின குழாய் கிடக்கு, அது சீம்லெஸ்தானே?" என்று ஒருவன் கேட்டான். தேயிலை காயவைக்கக் காற்றைச் சூடாக்குகிற அடுப்பைத்தான் ஹீட்டர் என்கிறான். சரி, கொண்டு வா என்றேன். குறுக்கே வெட்டி வெர்னியர் வைத்துக் கனத்தை அளந்தால் ஒரு பக்கம் 2.3 மி.மீ., எதிர்ப்பக்கம் 1.4. வருடக்கணக்காக நெருப்பு தின்ற இரும்பு அது. நானே எத்தனையோ தடவை மாற்றிப் போட்டிருக்கிறேன், அதனால் வெட்டுவதற்கு முன்பே தெரியும். அவனே கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் வெட்டினேன்.

ஃபோனில் பார்த்துவிட்டு குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 இரும்பு, வேண்டும் என்கிறவர்களும் உண்டு. நல்ல இரும்புதான். ஆனால் வெல்டு ஓரம் சட்டென்று குளிர்ந்தால் கடினமாகி விரிசல் விடும். எங்கள் ஊர் மார்கழிக் காலையில் அந்த வேலையைத் திறந்த பட்டறையில் செய்ய நான் ஒத்துக்கொள்வதில்லை.

குழாயில் மணல் அடைத்து, கேஸில் பழுக்கக் காய்ச்சி வளைப்பதும் கூடாது. மெஷினில் குளிராகவே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 45 மி.மீ. குழாய்க்கு 135. அப்புறம், கேஜ் போட்ட வண்டியை ஹெல்மெட் இல்லாமல் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மோதினால் தலை முதலில் இடிப்பது அந்தக் குழாயில்தான். பெற்றோராவது அதைத் தடுக்க வேண்டும்.

ஜிப்சித் தம்பியின் கேஜை முழுவதும் கழற்றிவிட்டோம். கோவைக்குப் போய்ச் சான்றிதழோடு குழாய் வாங்கி வந்திருக்கிறான். குழாயில் அடித்திருந்த ஹீட் நம்பரும் (எந்த உலைவார்ப்பு இரும்பு என்று காட்டும் எண்) சான்றிதழில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று என் முன்னாலேயே சரிபார்த்தான். பழைய கேஜில் பெயர்ந்த அந்த மூட்டு என் பட்டறை வாசலில் தொங்குகிறது. கேஜ் போட நினைக்கிற யாரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
அரவேணு, கோத்தகிரி, நீலகிரி.