பஞ்சு மூணு செகண்டு

கொழிஞ்சாம்பாறை
மார்கழி 20

அன்புள்ள மூணாவது ஓட்டக்காரிக்கு,

ரிலே ஓட்டத்துல உன் கையில கம்பு குடுத்தவ எழுதறேன்டீ. போன்ல பேசினா அஞ்சே நிமிஷத்துல குக்கர் விசில் அடிக்குதுன்னு வெச்சிடுவ. இது கொஞ்சம் நீளமான சமாச்சாரம், அதான் பேனா எடுத்தேன். கண்ணாடி மாத்தியும் எழுத்து கோணலாத்தான் விழுது, பொறுத்துக்கோ.

இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவன் துபாய்ல இருந்து வந்துட்டுப் போனான். தென்னையில வெள்ளை ஈ விழுந்து பாதி மரத்து ஓலை கருத்துக் கிடக்கு. ஆழியாத் தண்ணி இந்த வருஷம் பரவாயில்ல. எனக்கு வலது முட்டி மட்டும் படி இறங்கறப்ப சத்தம் போடுது. முப்பது வருஷம் விசில் ஊதினதுக்கு முட்டி எதுக்குங்க தேயணும்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சிரிக்கவே இல்ல.

விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழமை மாஷை, நம்ம காலேஜ் பி.டி. வாத்தியாரை, பாத்துட்டு வந்தேன்.

கேட்டைத் திறந்து உள்ள போறேன், திண்ணையில இருந்தே, "இடது கை வெளிய போகுது பாரு"ன்னார். தூக்குப்போசில ராகிக் கஞ்சி எடுத்துட்டு நடந்து போறேன்டீ நானு, ஓடக்கூட இல்ல! வயசு 79 ஆச்சு. இடுப்பு ஆபரேசனுக்கு அப்புறம் வாக்கர் வெச்சுத்தான் நடக்கிறார். காது போயிடுச்சு. கண்ணு மட்டும் அப்படியே இருக்கு.

மெட்ராஸ் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில, 1920-ல பக் துரை ஆரம்பிச்ச காலேஜ் அது, படிச்சுட்டு 1974-ல நம்ம காலேஜுக்கு வந்தவரு. 2001-ல 55 வயசாகி பென்சன் வாங்கினார். எல்லாரும் மாலை போட்டு அனுப்பி வெச்சாங்க. மறுநாள் காலைல அஞ்சரைக்கு அதே மைதானத்துல அதே விசிலோட நின்னார். சம்பளம் இல்லாம இன்னும் இருபது வருஷம் அப்படி நின்னார். கொரோனா வந்து கேட்டைப் பூட்டினப்பதான் நின்னுது.

அவர்கிட்ட ஓடி ஒருத்தர்கூட இந்தியா பனியன் போடல. உனக்கும் எனக்கும் தெரிஞ்சதுதான். நாம முதல் வருஷம் சேந்தப்ப, 1982 நவம்பர்ல, டெல்லி ஆசியாட்ல வல்சம்மா 400 மீட்டர் தடை ஓட்டத்துல 58.47 செகண்டுல தங்கம் வாங்கினாங்கல்ல? பாலக்காடு மெர்சி காலேஜ்ல படிச்ச பொண்ணு, ஏ.கே. குட்டி சார்கிட்ட பழகினவங்க. அன்னிக்கு மாஷ் நம்ம எல்லாருக்கும் டீயும் பருப்பு வடையும் வாங்கிக் குடுத்தார், என்னமோ தன் பிள்ளை ஜெயிச்ச மாதிரி. 1985-ல முதல் துரோணாச்சாரியார் விருதுகள்ல ஒண்ணை உஷாவோட கோச் நம்பியார் சாருக்குக் குடுத்தப்பவும் பேப்பரைக் கத்தரிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டினது இவர்தான். மத்த வாத்தியார் பேரை இவ்வளவு சந்தோசமா ஒட்டற ஆளை நான் அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பாக்கல.

உங்கப்பாகிட்ட வந்து பேசினாரே, ஞாபகம் இருக்கா? பொம்பளப் புள்ள டிரவுசர் போட்டு ஓடறதான்னு உங்கப்பா கள்ளுப் பானையைக்கூட இறக்கி வெக்காம நின்னுட்டே கேட்டார். மாஷ் டிரவுசரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "ஒரு நாளைக்கு எத்தன மரம் ஏறுவீங்க?"ன்னார். காலைல பதினஞ்சு, சாயங்காலம் பதினஞ்சுன்னு உங்கப்பா சொன்னார். "அந்தக் காலுதான் உங்க பொண்ணுக்கும். நீங்க மரத்துல செலவு பண்றீங்க, அது மண்ணுல செலவு பண்ணட்டும்"னார். உங்கப்பா பானையைக் கீழ வெச்சார். அதுக்கப்புறமும் நீ ரெண்டு மாசம் பாவாடைக்குள்ள டிரவுசர் போட்டுட்டுத்தான் வந்த, அது வேற கதை.

ட்ராக் போடற வேலை ஒண்ணு போதும்டீ அவரைப் பத்திச் சொல்ல. விடியறதுக்கு முன்னாடி, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து காதைக் கிழிக்கும். தலையில துண்டைக் கட்டிட்டு நாம டேப்பு பிடிப்போம். வளைவோட நடுவுல ஆணி அடிச்சு, 36 மீட்டர் 50 சென்டிக்குக் கயிறு இழுத்து, அடியில ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னுல சுண்ணாம்பை நிரப்பித் தட்டிக்கிட்டே போவார். வெளி லேன்ல சுத்து நீளம்கறதால 400 மீட்டருக்கு ரெண்டாம் லேன்காரி 7 மீட்டர் 4 சென்டி முன்னாடி நிக்கணும், மூணாம் லேன்ல இருந்து ஒவ்வொரு லேனுக்கும் 7.66 கூட்டணும். "ரெண்டாவதுக்கு மட்டும் ஏன் மாஷ் கம்மி?"ன்னு நான் கேட்டேன். முதல் லேனை உள் விளிம்புல இருந்து 30 சென்டி தள்ளி அளக்கணும், மத்த லேனெல்லாம் கோட்டுல இருந்து 20 சென்டின்னு மண்ணுல குச்சியால போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு ஓடவே இல்ல. பி.டி. டீச்சரா நான் வேலைக்குச் சேந்த முதல் வாரமே ஹெட்மாஸ்டர் ட்ராக் போடச் சொன்னார். கயிறும் ஆணியும் கேட்டேன், அவ்வளவுதான்.

1984 ஆகஸ்ட்ல, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ் 400 மீட்டர் தடை ஓட்டத்துல பி.டி. உஷா நூத்துல ஒரு பங்கு செகண்டுல வெண்கலத்தை விட்டப்ப, நாமெல்லாம் மரத்தடியில உக்காந்து அழுதோம். 55.41-க்கு 55.42. புதுசா வாங்கின டிஜிட்டல் வாட்சை ஆளுக்கு ஒருத்தரா கையில குடுத்தார். முடிஞ்ச வேகத்துல ரெண்டு தடவை அமுக்குங்கன்னார். உனக்கு நூத்துல பன்னெண்டு வந்துச்சு, எனக்குப் பதினாலு. நூத்துல ஒண்ணை மனுசக் கையால நிறுத்தவே முடியாதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அவர் வேற ஒண்ணும் சொல்லல. வாட்சை வாங்கித் துடைச்சு டப்பாவுல வெச்சார்.

இப்ப உன் விஷயம். கோவப்படாம படி.

1984 ஜனவரி காலேஜ் ஸ்போர்ட்ஸ். நீள தாண்டல்ல கடைசி தாண்டல், நீ 5.41 விழுந்த. பழைய ரெக்கார்டு 5.29. பொண்ணுங்க எல்லாம் மணலுக்குள்ள இறங்கி உன்னைத் தூக்கிட்டோம். மாஷ் பரிசு உனக்குத்தான்னார், ரெக்கார்டு கிடையாதுன்னார். "தாண்டினது பாதி நீ, பாதி காத்து"ன்னார். நீ ஷூவைக் கழட்டி வீசின. வீசினதுகூட ஒத்த ஷூதான், இன்னொண்ணு எனக்குக் கடன் குடுத்த ஜோடியாச்சேன்னு நான் பிடுங்கி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவரைப் பத்திப் பேச்செடுத்தாலே, "பஞ்சைப் பாத்து என் ரெக்கார்டை அழிச்ச மனுசன்"னு நாப்பத்திரண்டு வருஷமாச் சொல்லிட்டு இருக்க.

அந்தப் பஞ்சுக் கணக்கை அன்னிக்கு நம்ம யாருமே கேட்டுக்கல. நானே ஞாயித்துக்கிழமைதான் கேட்டேன். காத்து அளக்கற மெசின் நம்ம காலேஜ்ல எங்க இருந்துச்சு? ஓடுபாதை ஓரமா பத்து மீட்டர் தள்ளி ரெண்டு குச்சி நட்டிருந்தார். இலவம் பஞ்சை ஒரு பிரி கிள்ளி முதல் குச்சிகிட்ட விடுவார். ரெண்டாவது குச்சியைத் தாண்ட எத்தனை செகண்டுன்னு வாட்ச்ல பாப்பார். அஞ்சு செகண்டுன்னா செகண்டுக்கு 2 மீட்டர் காத்து. சட்டத்துல அனுமதிச்சது அவ்வளவுதான். அஞ்சுக்குக் குறைஞ்சா ஜெயிச்சது ஜெயிச்சதுதான், ஆனா ரெக்கார்டுல ஏறாது. மார்கழிக் காத்து கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கணவாயில புகுந்து மேக்க தள்ளும். நம்ம குழியோ மைதானத்தோட மேக்குக் கடைசியில. அந்த மாசத்துல அங்க தாண்டற யாருக்கும் முதுகுல கை வெச்சுத் தள்ளின மாதிரித்தான் இருந்திருக்கும்.

அப்பத்தான் எனக்கு வேற ஒண்ணு உறைச்சுது. நாம படிச்சு முடிச்ச அடுத்த வருஷம் கிழக்குக் கடைசியிலயும் ஒரு குழி வெட்ட வெச்சாரே, ஞாபகம் இருக்கா? மார்கழியில எதிர்காத்துல தாண்ட வெக்கறார்னு ஜூனியருங்க திட்டினாங்கல்ல? "எதுக்கு மாஷ் அந்தக் குழி?"ன்னு இப்ப கேட்டேன். காது கேக்காத மாதிரி இருந்துட்டார். நிஜமாவே கேக்கலியோ என்னமோ.

அப்புறம் அவரே பேச்சைத் தொடங்கினார். 2022 ஏப்ரல்ல தேஞ்ஞிப்பாலத்துல, காலிகட் யுனிவர்சிட்டி மைதானத்துல பெடரேசன் கப் நடந்துச்சு. நீள தாண்டல்ல நம்ம தமிழ்நாட்டுப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 தாண்டித் தங்கம். பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 8.36, வெள்ளி. ஆனா தேசிய ரெக்கார்டு வெள்ளி வாங்கினவனுக்குத்தான் போச்சு, ஏன்னா ஜெஸ்வின் தாண்டினப்ப காத்து நாலு மீட்டருக்கு மேல. பேரன் செல்லுல காட்டினானாம். பாத்துட்டு ராத்திரி தூக்கம் வரலன்னார். "அந்தக் கள்ளுக்காரர் பொண்ணு இதப் பாத்திருப்பாளா?"ன்னு என்கிட்ட கேட்டார். உன் பேரு அவருக்கு மறந்து போச்சுடீ, உன் கால் மறக்கல. அடுத்த மார்ச்லயே அந்தப் பையன் பெல்லாரிப் பக்கத்துல 8.42 தாண்டி ரெக்கார்டைத் தன் பேருக்கு வாங்கிட்டான்னு நான் சொன்னேன். "தெரியும், காத்து சரியா இருந்துச்சு"ன்னார்.

மருமகளைக் கூப்பிட்டு ஒரு துணிப்பையை எடுத்துட்டு வரச் சொன்னார். உள்ள முப்பத்தொரு நோட்டு, பிரவுன் அட்டை போட்டு, அந்துருண்டை வாசத்தோட. வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சு, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. ஒவ்வொரு பக்கத்துலயும் பேரு, தேதி, தூரம், நேரம். யாருக்கு வயித்து வலி, யாரு சாப்பிடாம வந்தா, அதுகூட இருக்கு. என் பேருக்கு நேரா நாலு இடத்துல "சோம்பேறி"ன்னு எழுதியிருக்கார். இருக்கட்டும்.

1984 நோட்டைத் தேடி எடுத்தேன். உன் பேரு இருக்குடீ. அழிக்கல. பச்சை மையில, அவரோட அந்த நெட்டை எழுத்துல: "5.41. பஞ்சு 3 செகண்டு. பலகையில 6 சென்டி மீதி." அதாவது பலகை விளிம்புக்கு 6 சென்டி முன்னாடியே நீ காலை ஊனிட்ட. அந்த 6 சென்டியைக் காத்து குடுக்கல, அதையும் கணக்கு வெச்சிருக்கார். அந்த வரியை மட்டும் சுத்தி ஒரு கோடு இழுத்திருக்கார். அந்த நோட்டுல வேற எதையும் அப்படிச் சுத்தி வெக்கல, நான் முழுசாப் புரட்டிப் பாத்துட்டேன்.

மைதானத்தைப் பத்திக் கேக்காத. 200 மீட்டர் தொடங்கற இடத்துல கட்டடம் வந்துடுச்சு, மேக்குக் குழி இருந்த எடம் இப்ப பைக் ஸ்டாண்டு. ஓடற பிள்ளைங்க விடியக்காலையில வண்டியேறிப் பாலக்காடு மெடிக்கல் காலேஜ் சிந்தடிக் ட்ராக்குக்குப் போயிடுதுங்க. நல்லதுதான். முட்டி தேயாது.

அந்தப் பக்கத்தைச் செல்லுல போட்டோ எடுத்து உன் மருமகன் நம்பருக்கு அனுப்பியிருக்கேன், காட்டச் சொல்லு. தை பொறந்து நீ வந்தேன்னா ரெண்டு பேரும் போயிட்டு வரலாம். காலைல ஏழு மணிக்கு முன்னாடி போகணும், அப்புறம் மாத்திரை போட்டுத் தூங்கிடுவார். நடக்கறப்ப கையை மட்டும் உடம்போட ஒட்டி வெச்சுக்கோ.

உன்
ரெண்டாவது ஓட்டக்காரி