தவணை நாளை எங்களிடம் கேட்டுக் குறியுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கிக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து மகளிர் குழுவுக்குப் பல வருடம் ஊக்குநராக, அதாவது குழுவை வழிநடத்துபவளாக, இருந்தவள் நான். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். சிறு கடன் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. கந்துவட்டிக்காரர் வாசலில் நின்ற பெண்கள், குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் வாங்கி மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். கட்டிய வட்டியும் குழுவுக்கே வந்து சேர்ந்தது.

இப்போது வீடு தேடி வரும் நுண்கடன் கம்பெனிகளின் வட்டியைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது தவணை நாளைப் பற்றி.

எங்கள் தெருவில் ஒருத்தி பெட்டை ஆடு வாங்கக் கடன் எடுத்தாள். ஆடு சினை பிடித்தால் ஈன ஐந்து மாதம். குட்டி விலைக்குப் போக இன்னும் ஆறேழு மாதம். பணம் கைக்கு வந்த அடுத்த வாரமே முதல் தவணை! கடன் பணத்திலேயே கொஞ்சம் எடுத்து வைத்துக் கட்டினாள். அப்புறம் கூலிக்குப் போய்க் கட்டினாள். கூலி கிடைக்காத வாரங்களுக்காக இன்னொரு கம்பெனியில் கடன் வாங்கினாள். கடைசியில் ஆட்டையே விற்றாள். ஒரு தவணைகூடத் தவறவில்லை, பட்டிதான் காலி.

கறவை மாட்டுக்கு வாரத் தவணை ஓரளவு ஒத்துவரும், பால் காசு அடிக்கடி வருவதால். அதுவும் மாடு வற்றும்வரைதான்.

2022-இல் நீங்கள் போட்ட விதியிலேயே இதற்கு வழி இருக்கிறது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை மாற்றிக் கொடுக்கக் கம்பெனிகள் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஆனால் எங்கள் ஊருக்கு வந்த எந்த ஊழியரும் "உங்களுக்கு எப்போது காசு வரும்?" என்று கேட்டதே இல்லை. எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறீர்கள். நல்ல விதி. ஆனால் நிலக்கடலை பிடுங்கும்போது மட்டும் காசு பார்க்கும் வீட்டில், அதைப் பன்னிரண்டால் வகுத்து எழுதினால் காகிதத்தில்தான் மாதாமாதம் வருமானம் இருக்கும்.

எப்போது கட்ட முடியும் என்று அந்தப் பெண் சொன்னதை, தவணை வரவு குறிக்கும் கடன் அட்டையில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். ஆட்டுக்கு வாங்கிய கடனென்றால், குட்டி விற்கும்வரை வட்டி மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், ஆய்வுக்கு வருபவர்கள் கம்பெனி அலுவலகத்தோடு திரும்பாமல் தவணை கட்டும் இடத்துக்கும் வரட்டும். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஊக்குநர்