கல்லுக்குக் கீழே போகும் பணம்

மானாமதுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் குறை ஒன்றும் இல்லை. கொல்லையில் தளம் போட என்ன செலவாகும் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கைக் காதால் கேட்டால் மனதில் நிற்காது. தாளில் இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டலாம், வேலைக்கு வரும் கொத்தனாரிடமும் காட்டலாம். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கொல்லை வீட்டுச் சுவரை ஒட்டி 20 அடி நீளம், சுவரிலிருந்து வெளியே 12 அடி. ஆக 240 சதுர அடி. அங்கே வந்து பார்த்தவர் மண்ணை மட்டம் தட்டி, இரண்டு அங்குலம் கிரஷர் கல்தூசி பரப்பி, மேலே சிமெண்ட் பிளாக் பதிக்க சதுர அடிக்கு 110 ரூபாய் கேட்டிருக்கிறார். 26,400 ரூபாயில் வேலை முடிந்துவிடும். நான் செங்கல்லுக்குப் போட்ட கணக்கு 49,000-ஐத் தொடுகிறது. “அப்பா ஏன் இப்படி இரட்டிப்பாகச் சொல்கிறார்” என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், ஆனால் முழுவதும் படித்துவிட்டு முடிவு செய் தாயி.

கோவில்பட்டி கரிசல் பூமி. நம் ஊர் மண்ணை மாதிரி அதை நினைக்கக் கூடாது. மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒவ்வொரு வருடமும் மேலே எழும்பிக் கீழே இறங்குகிற மண் அது. அதன்மேல் இரண்டு அங்குலத் தூசியைப் பரப்பி எந்தக் கல்லைப் பதித்தாலும், இரண்டு ஐப்பசி தாண்டாது. ஓர் இடம் மேடாகும், ஓர் இடம் குழியாகும், குழியில் தண்ணீர் நிற்கும்.

இதை நான் வேறு யார் வீட்டிலோ பார்த்துச் சொல்லவில்லை. உன்னிடம் இத்தனை வருடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பந்தி போட இடம் வேண்டுமென்று நம் கொல்லையில் கல் பதித்தேனே, நினைவிருக்கிறதா? ஊரார் வீடுகளில் எல்லாம் மண்ணை இறுக்கும் திமிசுக்கட்டையைப் பிடித்து இடித்த கை, நம் வீட்டில் இடிக்கவில்லை. நாளும் இல்லை, கையில் பணமும் இல்லை. தோண்டிய மண்ணின்மேலேயே மணலைக் கொட்டிப் பரப்பிப் பதித்துவிட்டேன். கல்யாணத்தன்று தளம் அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் சமையலறை வாசலுக்கு எதிரே ஒரு முறம் அளவுக்கு உள்வாங்கியது. அதில் தண்ணீர் நின்றது, பாசி பிடித்தது. ஒரு விடியற்காலையில் அம்மா அதில்தான் கால் வைத்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நீ அப்போது நிறைமாதம். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். அது உண்மை இல்லை. கல்லுக்குக் கீழே நான் செய்யாமல் விட்ட வேலைதான் அவளைத் தள்ளியது. கட்டுப் போட்ட கையோடு அவள் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.

கட்டுப் பிரிப்பதற்குள் தளத்தை முழுவதும் பெயர்த்தேன். மணலில் பதித்த கல் என்பதால் ஒவ்வொன்றாக முழுசாகக் கையோடு வந்தது. அறுநூறு சொச்சம் கல்லில் உடைந்தது பதினொன்றுதான். அடியை ஒழுங்காகப் போட்டு அதே கல்லைத் திரும்பப் பதித்தேன். இன்றுவரை அசையவில்லை. கான்கிரீட் வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், செங்கல் பதி என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தவறு நேர்ந்தால் பெயர்த்துத் திருத்த முடிகிற தளம் இது.

இப்போது உன் கொல்லைக்கு வருவோம். ஓர் அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட வேண்டும். அந்தப் பள்ளத்தில் முதலில் அரை அடிக்குக் கிராவல் மண். அதை ஒரே கொட்டாகக் கொட்டக் கூடாது. மூன்று அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து இடித்து, பிறகு மீதி மூன்று அங்குலம். அதன்மேல் நான்கு அங்குலம் ஜல்லியும் தூசியும் கலந்த வெட்மிக்ஸ், அதையும் இடிக்க வேண்டும். அதன்மேல் ஓர் அங்குலம் எம்-சாண்ட் மணல். அதன்மேல் கல். கூட்டிப் பார்த்தால் 14 அங்குலம் வரும்; தளம் சுற்றியுள்ள மண்ணைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும். நிற்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் சுவரில் ஏறும்.

சாமான் கணக்கு இப்படி. 240 சதுர அடிக்கு அரை அடி என்றால் 120 கன அடி. இடித்தால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 150. ஒரு யூனிட் 100 கன அடி, ஆக கிராவல் ஒன்றரை யூனிட். வெட்மிக்ஸ் அதே கணக்கில் ஒரு யூனிட். எம்-சாண்ட் அரை யூனிட் போதும், விளிம்புக் கலவைக்கும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். நான் விசாரித்த விலையில் கிராவல் 4,500, வெட்மிக்ஸ் 4,500, எம்-சாண்ட் 3,500, எல்லாம் வந்து இறங்கும் விலை. மண் எடுக்க மூன்று ஆள் கூலி 2,400; எடுத்த மண்ணை அப்புறப்படுத்த டிராக்டர் மூன்று நடை, 2,700. இடித்து இறுக்கும் காம்பாக்டர் இயந்திரம் இரண்டு நாள் வாடகை 2,000. இதுவரைக்கும் 19,600 ரூபாய். ஒரு கல்கூட இன்னும் வைக்கவில்லை, கவனித்தாயா? வந்தவருடைய கணக்கில் இல்லாத பணம் பெரும்பாலும் இதுதான்.

கல்லைப் படுக்கையாகப் பதித்தால் சதுர அடிக்கு மூன்றரை ஆகும். உடைசல், வெட்டுக்கல் எல்லாம் சேர்த்து நான்கு என்று வை, 960. வீட்டுச் சுவர் போக மீதி மூன்று பக்கமும் 44 அடி விளிம்பு. அங்கே கல்லைக் குத்தாக நிறுத்திச் சிமெண்டில் பதிக்க வேண்டும், அடிக்கு நான்கு, 176. ஆக 1,200 கல்லாகச் சொல்லிவிடு. 11 ரூபாய் வீதம் 13,200. பைக் ஏறி இறங்கும் இடமாக இருந்தால் அங்கே தளத்தையும் குத்துக்கல்லாகத்தான் போட வேண்டும், அதற்குக் கல் ஒன்றரை மடங்கு ஆகும். உனக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். சிமெண்ட் இரண்டு மூட்டை 700. கொத்தனார் நான்கு நாள், சித்தாள் இரண்டு பேர் நான்கு நாள், கூலி 10,000. டீ, வடை, ஏற்றுக்கூலி என்று 1,000. மொத்தம் 44,500. இதற்குமேல் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வை, அதைத் தொடாதே. அதையும் சேர்த்துத்தான் 49,000 என்றேன். மண்ணுக்குள் பழைய குழாயோ வேரோ இருந்தால் அன்றைக்கு அந்தப் பணம்தான் வேலையை நிற்காமல் நடத்தும். கோவில்பட்டியில் விலை முன்னே பின்னே இருக்கும். அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்.

பணம் இடிக்கிறது என்றால் இடத்தைக் குறை. கொல்லை வாசலுக்கு எதிரே 12-க்கு 12 மட்டும் இந்த வருடம் பதி, 30,000-க்குள் முடியும். மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எதைக் குறைத்தாலும் அந்தப் பத்து அங்குல அடியைக் குறைக்காதே.

கல் வாங்குவது உன் கையில்தான் இருக்கிறது. அதைக் கொத்தனாரிடம் விடாதே. லாரியில் ஏற்றும் முன்பே சூளைக்குப் போ. இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டு. வெந்த கல் கணீரென்று பேசும், வேகாத கல் ‘தொப்’ என்று ஊமையாக விழும். நகத்தால் கீறிப் பார், கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து மண்தரையில் போடு, உடையக் கூடாது. சுவருக்குள் போகிற கல்லைப் பூச்சு காப்பாற்றும். தரையில் கிடக்கிற கல்லுக்கு யாரும் காவல் இல்லை. வெயிலும் மழையும் காலடியும் நேராக அதன்மேல்தான்.

இதோடு விடாமல் ஆறு கல்லை வீட்டுக்குக் கொண்டு வா. மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள். ஒரு நாள் முழுவதும் வாளித் தண்ணீரில் மூழ்க வை. போட்டவுடன் குமிழி குமிழியாகக் காற்று கிளம்பும், பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டு. மறுநாள் எடுத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பார். மூன்று கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்குமேல் போனால் அந்தச் சூளையே வேண்டாம். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் தண்ணீர் குடிக்கிற கல் தரைக்கு ஆகாது. பிறகு நிழலில் காய வை. காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்தால் அதுவும் வேண்டாம். இரண்டு மழையில் மேல்தோல் உதிர்ந்து சிவப்புப் பொடியாகக் காலில் ஒட்டும்.

சென்ற வருடம் கீழடி அருங்காட்சியகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் பானை ஓட்டில் இருக்கும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செங்கல்லை விட்டு நகரவில்லை. நம் கல்லைவிட நீளமும் அகலமும் பெரியது, தடிமன் குறைவு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு கொத்தன் அதைக் கையில் ஏந்திப் பார்த்துத்தான் வைத்திருப்பான். அவன் கையை எனக்குத் தெரியும் போல இருந்தது.

பதிக்கும்போது நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு. சுவரிலிருந்து வெளியே அடிக்குக் கால் அங்குலம், 12 அடிக்கு மூன்று அங்குலம் சரிய வேண்டும். அந்தச் சரிவைக் கிராவலிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். “மணலில் சரி பண்ணிக்கொள்ளலாம் அக்கா” என்று யாராவது சொன்னால் வேலையை நிறுத்து. மணல் எல்லா இடத்திலும் ஒரே ஓர் அங்குலம்தான். மணல் கனமாக இருக்கிற இடம்தான் நாளைக்குக் குழி. கரிசல் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. அதனால் சரிவு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால் இழுத்து, வீட்டு மழைநீர்த் தொட்டியில் சேர்த்துவிடு.

மணலைப் பரப்ப முக்கால் அங்குலக் குழாய் இரண்டைத் தண்டவாளம் போலப் போட்டு, மேலே மட்டப்பலகையால் இழுக்கச் சொல். அழுத்திய பிறகும் அளவு குறையாமல் இருக்கக் குழாய்க்கு அடியில் மெல்லிய பட்டி வைப்பார்கள். இழுத்த மணலை யாரும் மிதிக்கக் கூடாது. பதித்த கல்லின்மேல் நின்றுகொண்டே அடுத்த கல்லை வைக்க வேண்டும். நீ படத்தில் அனுப்பிய பாய்ப் பின்னல் வரிசை அழகுதான். ஆனால் சூளைக்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பத்தாவது வரிசையில் கோடு நழுவிவிடும். செங்கல் சுவரில் வருவது போல மாற்றுமூட்டு வரிசை போடு. கல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தாங்கிக்கொள்ளும்.

விளிம்புச் சிமெண்ட் ஏழு நாள் ஈரம் காயாமல் இருக்கட்டும். இடுக்கில் காய்ந்த பொடிமணலைக் கொட்டி விளக்குமாற்றால் தள்ளுங்கள். காம்பாக்டரை ஓட்டும்போது அடியில் ரப்பர் விரிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லின் முனை சில்லு சில்லாகத் தெறிக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி மணல் தள்ள வேண்டும். துணி துவைக்கும் கல்லைச் சுற்றி மட்டும் சிமெண்ட் கலவையில் பதி. தினமும் சோப்புத் தண்ணீர் ஓடினால் மணல் அரித்துப் போகும். வேப்ப மரத்தைச் சுற்றி மூன்று அடிச் சதுரம் மண்ணாகவே விடு.

இப்போது கார்த்திகை மழை. கரிசல் மண்வெட்டியில் அப்பும், கை வைக்காதே. சூளையிலும் பழைய கல்தான் மீந்திருக்கும், விலையும் ஏறி இருக்கும். தை பிறக்கட்டும். மாசியில் புதுச்சூளை பிரிப்பார்கள், மண்ணும் வெடிக்காமல் பதமாக இருக்கும்.

குத்தவைத்து நாள் முழுவதும் கல் பதிக்க என் முழங்கால் இனி விடாது. ஆனால் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்க்க ஒரு முக்காலி போதும். நூல் கட்டும் நாளைச் சொல், முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். திமிசுக்கட்டையையும் கொண்டு வருகிறேன். காம்பாக்டர் நுழையாத சுவர் ஓரத்தை அதை வைத்துத்தான் இடிக்க வேண்டும், அதை நானே இடிக்கிறேன். மீந்த செங்கல் துண்டுகளை அள்ளிக் கொட்டிவிடாதே. நான் வேலை செய்த வீடுகளின் வாசலில் எல்லாம் நீ துண்டுக்கல்லால் பாண்டிக் கட்டம் கிழித்து ஆடியிருக்கிறாய். பேத்திக்கு இரண்டு துண்டு எடுத்து வை.

அம்மா மாவடு போட்டு ஜாடியில் கட்டி வைத்திருக்கிறாள், வரும்போது கொண்டு வருகிறேன். கை வலி இப்போது இல்லை. குளிர் நாளில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறதாம். மேலே எழுதியதை அவளிடம் படித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன்.

ஆறு கல்லை ஊற வைத்ததும் எடையைச் சொல். அதைக் கேட்ட பிறகு கல்லுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அப்பா