காய்ச்சல் விட்ட மறுநாள்

காரைக்குடி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள உமையாள்,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பள்ளத்தூர் பெரியம்மா சொன்னார்கள். சந்தோஷம்.   

தீபாவளிக்கு நீ அனுப்பிய செய்திக்குப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சின்னவனுக்கு டெங்கு. இப்போது எழுந்து ஓடியாடுகிறான், பயப்படாதே. ஆனால் நடந்ததை முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீ கிளாஸ் டீச்சர் ஆயிற்றே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பையைக்கூடக் கழற்றாமல் முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தொட்டால் அனல். "கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதும்மா" என்றான். மறுநாள் ரத்தம் எடுத்ததில், டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், ஆனால் தினமும் ரத்தம் பார்க்க வந்துவிடு என்றார் டாக்டர். பாராசிட்டமால் தவிர வேறு எந்தக் காய்ச்சல் மருந்தும் கூடாது, ஆஸ்பிரின், புருஃபென் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும் என்று அழுத்திச் சொன்னார். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், பகலிலும் கொசுவலை. எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான் என்று எழுதி வைக்கச் சொன்னார். கிளம்பும்போது, "காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் நீங்க கண்ணு மூடாம பாக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான், உமை, என் பிள்ளையைக் காப்பாற்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் டீச்சர் போன். அதற்கு முன்பே, வரவில்லை என்று தினமும் எட்டரைக்கெல்லாம் மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்தது. "காய்ச்சல் விட்ருச்சுல்ல மேடம், நாளைக்கு வொர்க்கிங் டே, அனுப்பிவிட்ருங்க. நம்ம கிளாஸ்தான் அட்டெண்டன்ஸ்ல முன்னாடி இருந்துச்சு, இப்ப இவன் ஒருத்தனால ஷீல்டு போயிரும் போல. டெஸ்ட்டு வேற இருக்கு." அவன் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பிள்ளை கட்டிலுக்கு அடியில் குனிந்து ஷூவைத் தேடுகிறான். முகத்தில் ரத்தமே இல்லை. "என்னாலதான் ஷீல்டு போகுதாம்மா?" எட்டு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

இவுக கூட, "விட்டுத்தான் போச்சே, அரை நாள் அனுப்பிப் பாப்பமே" என்றார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். வயிற்று வலி என்று சுருண்டான். குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. திரும்பவும் வாந்தி. காலைத் தொட்டேன், போர்வைக்குள்ளேயே ஜில்லென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் வெளிறிக் கிடந்தது. அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினோம். போன உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள், வார்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

பார்க்க வந்த அத்தனை பேரும் பிளேட்லெட் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு என்றே கேட்டார்கள். டாக்டர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டுகிற பிசிவி என்கிற வேறொரு எண்ணை. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியுமாம், மிச்சமிருக்கிற ரத்தம் கெட்டியாகிவிடுமாம். அந்தக் கசிவு உச்சத்துக்குப் போவது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான், ஒன்று இரண்டு நாள். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தானாகத் தேறிவிடும். அந்த நேரத்தில் அளந்து நீர் ஏற்ற ஆள் இல்லாவிட்டால் நாடி விழுந்துவிடும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நாம் எல்லோரும் மூச்சு விடுகிற அந்த நாள்தான் ஆபத்தான நாள்! நம் ஊரில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும், சொல்.

அவன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன். பதினோரு மணிக்கு டெஸ்ட்டு. வயிறு வலிக்குது மிஸ் என்றால், டெஸ்ட்டுக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நாற்பது பிள்ளைகளில் ஒருத்தனுடைய கால் குளிர்ந்திருக்கிறதா என்று எந்த டீச்சர் தொட்டுப் பார்க்க முடியும்? அந்த டீச்சரை நான் குறை சொல்லவில்லை. மேலே இருந்து அவளுக்கு என்ன நெருக்கடியோ, உனக்குத்தான் அது தெரியும். நீயே பி.எட். படிக்கும்போது கொதிக்கிற காய்ச்சலோடு டீச்சிங் பிராக்டிஸுக்குப் போய் கரும்பலகைக்கு முன்னாலேயே சரிந்தவள். அதை ஏதோ வீரதீரச் செயல் மாதிரி ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, கழுதை!

ஷீல்டு விஷயத்தில்தான் எனக்கு ஆறவே இல்லை. நூறு சதவீத வருகைக்கு மெடல் என்றால், நோய் வராத பிள்ளைக்கு மெடல் என்றுதானே அர்த்தம்? அல்லது நோயோடு வந்த பிள்ளைக்கு. பயமுறுத்துவதற்கு எல்லோரும் 75 சதவீதம், 75 சதவீதம் என்கிறார்கள். அது பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் பொதுத்தேர்வு எழுத சிபிஎஸ்இ வைத்திருக்கிற விதி. அதிலும் நோய் என்று சான்றிதழ் கொடுத்தால் விலக்கு கேட்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஆண்டுக்கு 200 வேலை நாள். அதில் பத்து நாள் போனால் ஐந்து சதவீதம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அந்தச் சட்டப்படி நிறுத்தி வைக்கவும் முடியாது. அப்புறம் யாருக்காக இந்த அவசரம்?

அம்மை போட்டால் இந்தப் பேச்சே கிடையாது, கவனித்தாயா? வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் தபால்காரர்கூடத் தள்ளி நின்று குரல் கொடுப்பார். கொப்புளம் காய்ந்து உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் பிள்ளை வீட்டில்தான். எந்தப் பள்ளிக்கூடமும் போன் போடாது. ஆத்தாளுக்குப் பயந்தோ மரியாதைக்கோ, ஒட்டுகிற நாள் முடிகிற வரை பிள்ளையைப் படுக்க விட்டோம். எங்க அப்பத்தா இதைத்தான் கேட்டாக: "அம்மைக்கு உள்ள மருவாதி காச்சலுக்கு இல்லையாக்கும்?" காய்ச்சலோடு இருக்கிற டெங்குப் பிள்ளையைக் கடிக்கிற கொசு அந்தக் கிருமியை இன்னொரு பிள்ளைக்கும் கொண்டுபோகும். அதனால்தான் பகலிலும் வலை. அந்த நிலையில் வகுப்புக்கு அனுப்பச் சொல்வது மற்ற பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சுகாதாரத்துறை ஆட்கள் டார்ச்சோடு வந்து தெரு முழுக்கப் பார்த்தார்கள். எங்கள் அண்டா, தவலை எல்லாம் சுத்தம். பக்கத்துப் பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறதே, அவுக கல்யாணம் காட்சி என்றால்தான் மலேசியாவிலிருந்து வந்து திறப்பாக. சாவி வைத்திருக்கிறவரைத் தேடிப்பிடித்துத் திறந்தால், வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் கல்தொட்டி நிறைய மழைத்தண்ணீர், அதில் குத்துக்குத்தாய்ப் புழு நெளிகிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதுமாம். கவிழ்த்துக் கொட்டி, கவிழ்க்க முடியாததில் அபேட் என்கிற புழுக்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். இந்தத் தெருவில் மட்டும் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, உனக்குத் தெரியாததா? ஊரைவிட்டுப் போனவர்கள் சாவியையாவது யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், செய். அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் அந்த அட்டெண்டன்ஸ் ஷீல்டு, மெடல் எல்லாம் வேண்டாம் என்று பேசு. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் மருந்தில்லாமல் இருந்தால்தான் வர வேண்டும், டெங்கு என்றால் டாக்டர் சரி என்ற பிறகுதான் என்று பெற்றோருக்கு எழுதி அனுப்பச் சொல். விட்டுப்போன டெஸ்ட்டைப் பிறகு எழுத விடச் சொல். நான் இங்கே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. உங்கள் எச்.எம். என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது, திட்டியிருந்தாலும் சரி.

தைக்கு வரும்போது இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. பெரியவளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும், அவளுக்கு உன்னைவிட்டால் யார் சொல்வதும் ஏறாது.

அன்புடன்,
மீனாள்